55,646 பேர் பார்த்த பயிற்சி ஆட்டம்! அயோவாவுக்குப் பெண்கள் கூடைப்பந்துப் பித்து பிடித்த கதை

(திரையில்: கின்னிக் மைதானம், மேலிருந்து எடுத்த காட்சி)

2023 அக்டோபர் 15. அமெரிக்காவின் அயோவா சிட்டி. அமெரிக்கக் கால்பந்து ஆடும் கின்னிக் மைதானத்தின் நடுவில் ஒரு கூடைப்பந்துத் தளத்தைக் கொண்டுவந்து பரப்பியிருக்கிறார்கள். மேலே கூரை கிடையாது. குளிர்காற்று வேறு அடிக்கிறது. ஆனாலும் சுற்றிலும் உட்கார்ந்திருப்பவர்கள் 55,646 பேர். பெண்கள் கூடைப்பந்து ஆட்டம் ஒன்றுக்கு அதுவரை அப்படி ஒரு கூட்டம் கூடியதே இல்லை.

இத்தனைக்கும் அது ஒரு பயிற்சி ஆட்டம். அயோவா பல்கலைக்கழகமும் டிபால் பல்கலைக்கழகமும் சீசனுக்கு முன்னால் ஆடிப் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். கோப்பை இல்லை, புள்ளிப் பட்டியலில் சேராது.

இத்தனை கூட்டம் ஏன் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: அயோவா அணியின் நட்சத்திர வீராங்கனை கெயிட்லின் கிளார்க். அது சரிதான், ஆனால் பாதிதான் சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்த வீடியோ. வணக்கம் நண்பர்களே, கடைசி வரை பாருங்கள். நடுவில் 1968-ல் நடந்த ஓர் ஆட்டத்தின் ஸ்கோரைச் சொல்வேன், நம்பவே மாட்டீர்கள்.

முதலில் அடிப்படையை வேகமாக முடித்துவிடலாம். அமெரிக்கக் கல்லூரி அணிகள் கான்ஃபரன்ஸ் என்ற குழுக்களாகப் பிரிந்திருக்கின்றன. நவம்பர், டிசம்பரில் பெரும்பாலும் வெளி அணிகளோடு ஆட்டம். ஜனவரியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை சொந்த கான்ஃபரன்ஸுக்குள்ளேயே மோதல். பிறகு கான்ஃபரன்ஸ் டோர்னமெண்ட். அதில் ஜெயித்தவருக்கு, 68 அணிகள் மார்ச்சில் ஆடும் என்சிஏஏ என்ற தேசியக் கல்லூரிப் போட்டிக்கு நேரடி டிக்கெட். மற்ற இடங்களைத் தேர்வுக் குழு நிரப்பும். நாம் பேசப்போவது பிக் டென் கான்ஃபரன்ஸ். பெயரைப் பார்த்துப் பத்து அணி என்று நினைத்துவிடாதீர்கள், 2023-24 சீசனில் 14 இருந்தன, இப்போது 18.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம்.

(திரையில்: பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள், பள்ளிச் சீருடையில் பெண்கள்)

அயோவா சோளம் விளையும் மாநிலம். சின்னச் சின்ன ஊர்கள். அந்த ஊர்ப் பள்ளிப் பெண்கள் 1920-லேயே மாநில அளவில் கூடைப்பந்துப் போட்டி ஆட ஆரம்பித்துவிட்டார்கள். அதன் பிறகு அங்கிருந்த பெரியவர்கள் சிலருக்குப் பெண்கள் இப்படிக் கூட்டத்துக்கு முன்னால் ஆடுவது பிடிக்கவில்லை. ஆதரவை நிறுத்தப் பார்த்தார்கள். சிறிய ஊர்ப் பள்ளி நிர்வாகிகள் விடவில்லை. 1925-ல் பெண்களுக்கென்றே தனியாக ஒரு சங்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். வருடத்தைக் கவனியுங்கள், 1925! கல்வியில் ஆண்-பெண் பாகுபாட்டைத் தடைசெய்யும் டைட்டில் நைன் சட்டம் அமெரிக்காவில் வந்ததே 1972-ல்தான்.

அவர்கள் ஆடிய ஆட்டமும் வேறு மாதிரி. அணிக்கு ஆறு பேர். மூன்று பேர் ஃபார்வர்டு, அதாவது புள்ளி எடுப்பவர்கள். மூன்று பேர் கார்டு, அதாவது தடுப்பவர்கள். தளத்தின் நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டை யாரும் தாண்டக் கூடாது. கபடியில் கோட்டைத் தாண்டினால்தான் ஆட்டமே, இங்கே தாண்டினால் தப்பு. உங்கள் ஃபார்வர்டு மூவரும் எதிரணியின் கார்டு மூவரோடு ஒரு பாதியில் மோதுவார்கள். மறு பாதியில் உங்கள் கார்டு மூவர் எதிரணியின் ஃபார்வர்டு மூவரைத் தடுப்பார்கள். பந்தை இரண்டு தடவைக்கு மேல் தட்டக் கூடாது. பாஸ் செய்யணும், இல்லையென்றால் கூடையைப் பார்த்துப் போடணும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கார்டாக இருக்கும் பெண் தன் அணி புள்ளி எடுக்கும் கூடை இருக்கும் பக்கமே போக முடியாது. பள்ளி வாழ்க்கை முழுக்க ஆடிவிட்டு, ஆட்டத்தில் ஒரு புள்ளிகூட எடுக்காமலேயே வெளியே வருவாள். ஆனால் ஊரில் அவளும் நட்சத்திரம்தான். எதிரணியின் பெரிய ஃபார்வர்டை யார் அடக்கினாள் என்பதைக் கடைத்தெருவில் உட்கார்ந்து பேசுவார்கள். எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்தது இதுதான். தடுப்பாட்டத்தைப் பார்த்து ரசிக்கத் தெரிந்த ஒரு கூட்டத்தை இந்த விதி உருவாக்கியது.

ஃபார்வர்டுகள் கதை நேர் எதிர். இறங்கி ஓடி வந்து தடுக்கும் வேலை இல்லை. நாள் முழுக்கக் கூடைக்குக் கீழேயே குடியிருப்பார்கள். விளைவு? 1968 மாநில இறுதி ஆட்டம். தலைநகர் டெமாய்ன், வெட்டரன்ஸ் ஆடிட்டோரியம். யூனியன்-விட்டன் பள்ளியும் எவர்லி பள்ளியும் மோதுகின்றன. எவர்லியின் ஜானெட் ஓல்சன் 76 புள்ளி. யூனியன்-விட்டனின் டெனிஸ் லாங் 64 புள்ளி. ஓவர்டைமுக்குப் போய் 113-107 என்று யூனியன்-விட்டன் ஜெயித்தது. பள்ளிப் பெண்கள்! மூன்று பாயிண்ட் கோடே இல்லாத காலம்! அதே டோர்னமெண்டில் இன்னோர் ஆட்டத்தில் டெனிஸ் லாங் தனியாளாக 111 புள்ளி எடுத்திருந்தார்.

அடுத்த ஆண்டு, 1969-ல், ஆண்கள் ஆடும் தொழில்முறை லீக்கான என்பிஏவின் சான் ஃபிரான்சிஸ்கோ வாரியர்ஸ் அணி, புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் டெனிஸ் லாங்கின் பெயரைச் சொல்லித் தேர்ந்தெடுத்தது. லீக் நிர்வாகம் அதைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆனால் பெயர் வரலாற்றில் ஏறிவிட்டது, இல்லையா?

இந்த ஆறு பேர் ஆட்டம் அயோவாவில் 1993 வரை நடந்தது. கெயிட்லின் கிளார்க் பிறந்தது 2002. அவர் பிறப்பதற்கு முன்னாலேயே பாட்டிகள், அம்மாக்கள், அப்பாக்கள் என்று மூன்று தலைமுறை பெண்கள் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்திருந்தது. இன்னும் நம்பிக்கை வரவில்லையா? 1985 பிப்ரவரி 3. அயோவா பல்கலைக்கழகத்தின் கார்வர்-ஹாக்கை அரங்கம். சுமார் 15,000 பேருக்குக் கட்டிய இடம். விவியன் ஸ்டிரிங்கர் பயிற்சியாளராக இருந்த அயோவா அணி ஒஹாயோ ஸ்டேட்டோடு ஆடியதைப் பார்க்க 22,157 பேர் வந்தார்கள். நடைபாதைப் படியெல்லாம் ஆட்கள். அன்றைக்கு அயோவா தோற்றது. கிளார்க் வந்ததால்தான் கூட்டம் வந்தது என்று இனி யாராவது சொன்னால் இந்த எண்ணைச் சொல்லுங்கள். காய்ந்த விறகு அங்கே ஏற்கெனவே அடுக்கியிருந்தது.

இப்போது 2024-க்கு வருவோம். நெப்ராஸ்கா கதை, கவனமாகக் கேளுங்கள். கான்ஃபரன்ஸ் சீசனின் ருசியே இதில்தான் இருக்கிறது.

அப்போது பிக் டென்னில் 14 அணிகள், ஒவ்வோர் அணிக்கும் 18 ஆட்டம். அப்படியென்றால் 13 எதிரிகளில் ஐந்து பேரை இரண்டு தடவை சந்திப்பீர்கள், மற்றவர்களை ஒரே தடவை. நெப்ராஸ்கா அந்த ஐந்தில் ஒன்று. ஜனவரி 27-ல் அயோவா சொந்த அரங்கில் நெப்ராஸ்காவைச் சுலபமாக ஜெயித்தது. பிப்ரவரி 11-ல் திருப்பி நெப்ராஸ்காவின் சொந்த ஊரான லிங்கன் நகருக்குப் போகணும்.

அன்றைக்குக் கிளார்க்குக்கு 39 புள்ளி தேவை. எடுத்தால், பெண்கள் என்சிஏஏ வரலாற்றில் அதிகப் புள்ளி என்று கெல்சி பிளம் வைத்திருந்த 3,527 உடைந்துவிடும். அரங்கம் நிறைந்திருக்கிறது. மூன்று குவார்ட்டர் முடிகிறபோது கிளார்க் 31. அயோவா வசதியான முன்னிலையில். சாதனை இன்றைக்கே என்று எல்லோரும் கேமராவைத் தயாராக வைத்திருக்கிறார்கள்.

நான்காவது குவார்ட்டரில் கிளார்க் எடுத்தது பூஜ்ஜியம்.

நெப்ராஸ்கா கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்து, கடைசி நிமிடத்தில் ஜாஸ் ஷெல்லி ஒரு மூன்று பாயிண்ட் போட்டு முன்னிலையைப் பிடித்தார். 82-79, நெப்ராஸ்கா வெற்றி. ஒரு முறை ஆடித் தோற்ற அணிக்கு எதிராளியின் பழக்கமெல்லாம் தெரியும். இரண்டாவது சந்திப்பில் அதைப் பார்க்கலாம். மார்ச் மாதம் மட்டும் டிவி போடுகிறவர்களுக்கு இது கிடைக்காது.

இதில் இன்னொரு நல்லதும் நடந்தது. சாதனைக்கு எட்டுப் புள்ளி பாக்கி, அடுத்த ஆட்டம் சொந்த ஊரில். பிப்ரவரி 15, மிச்சிகனோடு. கிளார்க் முதல் இரண்டரை நிமிடத்துக்குள் எட்டையும் எடுத்துவிட்டார். கடைசி ஷாட், நடுத்தளத்து லோகோ அருகிலிருந்து. அந்த இரவு மொத்தம் 49. ஒரு விதத்தில் அயோவா ரசிகர்கள் நெப்ராஸ்காவுக்கு நன்றி சொல்லணும்!

அப்புறம் மார்ச் 10. மினியாபொலிஸில் பிக் டென் டோர்னமெண்ட். டிக்கெட் எல்லாம் முன்கூட்டியே தீர்ந்துபோயிருந்தது, இந்த டோர்னமெண்டுக்கு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. இறுதி ஆட்டத்தில் அயோவாவுக்கு எதிரே நிற்பது யார்? நெப்ராஸ்காவேதான். மூன்றாவது சந்திப்பு. முதல் பாதியில் கிளார்க் வெறும் நான்கு புள்ளி. நெப்ராஸ்கா பதினொரு புள்ளி முன்னால். இடைவேளைக்குப் பிறகு கிளார்க் 30 எடுக்கிறார், ஆட்டம் ஓவர்டைமுக்குப் போகிறது, 94-89 என்று அயோவா ஜெயிக்கிறது. அந்த மூன்று ஆட்டங்களையும் வரிசையாகப் பாருங்கள், ஒரே நீண்ட ஆட்டம் போலவே தெரியும்.

இதே டோர்னமெண்டில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. 18 ஆட்டத்தில் 16 ஜெயித்து லீக் பட்டத்தை வாங்கியது ஒஹாயோ ஸ்டேட். டோர்னமெண்டில் தன் முதல் ஆட்டத்திலேயே மேரிலாந்திடம் 82-61 என்று தோற்று வெளியேறியது. நேரடி டிக்கெட் டோர்னமெண்ட் ஜெயித்தவருக்குத்தான். என்னைக் கேட்டால், இரண்டு மாதம் ஊர் ஊராகப் போய் ஜெயித்த பட்டம்தான் பெரியது. மாற்றுக் கருத்து இருந்தால் கமெண்டில் வாருங்கள், பேசலாம்.

டேபிள் பார்க்கும்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: முதல் நான்கு இடத்துக்கு டோர்னமெண்டில் நேரே காலிறுதி. அதனால் நான்காம் இடத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் நடக்கிற சண்டையை விடாதீர்கள்.

(திரையில்: 2025, லாஸ் ஏஞ்சலிஸ்)

கிளார்க் கல்லூரியை முடித்துப் போன பிறகு எல்லாம் அடங்கிவிடும் என்றார்கள். என்ன நடந்தது? 2024-25 சீசனுக்கும் அயோவாவின் சீசன் டிக்கெட் விற்றுத் தீர்ந்தது. பிக் டென்னுக்குள் மேற்குக் கரையிலிருந்து யுசிஎல்ஏ, யுஎஸ்சி, ஆரிகன், வாஷிங்டன் வந்து சேர்ந்தன. 17 எதிரிகள், ஒரே ஓர் அணியோடு மட்டும் இரண்டு ஆட்டம். யுசிஎல்ஏவுக்கும் யுஎஸ்சிக்கும் அந்த ஓர் அணி, ஒரே ஊரின் பரம எதிரி.

பிப்ரவரி 13, 2025. தோல்வியே காணாத யுசிஎல்ஏ, நாட்டிலேயே முதலிடம். யுஎஸ்சியின் ஜூஜு வாட்கின்ஸ் 38 புள்ளி, 11 ரீபவுண்டு, எட்டு பிளாக்! 71-60, யுஎஸ்சி வெற்றி. மார்ச் 1-ல் மறுபடியும் யுஎஸ்சி, 80-67, லீக் பட்டமும் கையில். எட்டு நாள் கழித்து டோர்னமெண்ட் இறுதியில் மூன்றாவது சந்திப்பு. பின்தங்கியிருந்த யுசிஎல்ஏ எழுந்து வந்து 72-67 என்று கோப்பையைத் தூக்கியது. மறுபடியும் அதே மூன்று ஆட்டக் கதை!

அந்த யுஎஸ்சி லீக்கில் 17 ஜெயித்து ஒன்றே ஒன்றுதான் தோற்றது. எங்கே தெரியுமா? அயோவாவில். பிப்ரவரி 2, கிளார்க்கின் 22-ஆம் எண் ஜெர்சியை அரங்கத்தில் ஏற்றி வைத்த அதே நாள். 76-69. லூசி ஓல்சன் 28 புள்ளி.

அன்றைக்கு அயோவாவின் பயிற்சியாளர் ஜான் ஜென்சன். 24 வருடம் அணியை நடத்திய லிசா ப்ளூடர் 2024 மே மாதம் ஓய்வு பெற, உதவியாளராக இருந்த இவர் பொறுப்பேற்றார். இருவருமே பள்ளியில் அந்த ஆறு பேர் ஆட்டம் ஆடியவர்கள். ஜென்சன் கடைசி வருடம் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 66 புள்ளி எடுத்த ஃபார்வர்டு. அவருடைய பாட்டியும் 1920-களில் மாநிலப் போட்டியில் ஆடியவர்.

நீங்கள் பார்க்க ஆரம்பிக்க வேண்டுமென்றால் ஜனவரியில் ஆரம்பியுங்கள். அயோவாவில் இரவு ஏழு மணி ஆட்டம், நமக்கு மறுநாள் காலை ஆறரை, காபியோடு பார்க்கலாம். முதலிடத்தில் இருக்கும் அணியை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் டேபிளின் நடுப்பகுதியில் இருக்கும் ஓர் அணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். என்சிஏஏவில் இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று ஒவ்வோர் ஆட்டத்திலும் அவர்களுக்குத்தான் அடிவயிறு கலங்கும். அவர்களோடு சேர்ந்து உங்களுக்கும் கலங்கும், அதில்தான் பார்க்கிற சுகம். எந்த அணியைப் பிடித்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். நெப்ராஸ்கா என்று எழுதுகிறவர்களுக்கு முதல் லைக் என்னுடையது.