நாற்பதரை மணி நேரக் கணக்கு

வணக்கம் மக்களே. 1834 ஆகஸ்ட் 1, பிரிட்டிஷ்காரங்களோட கரீபியன் காலனியான ஜமைக்காவுல அடிமை முறை ஒழிஞ்ச நாள்னு படிச்சிருப்பீங்க. ஆனா அன்னைக்கு முழு விடுதலை கிடைச்சது ஆறு வயசுக்குக் கீழ இருந்த பிள்ளைங்களுக்கு மட்டும்தான். மத்தவங்க 'அப்ரண்டிஸ்', அதாவது தொழில் பழகுறவங்கன்னு பேர் மாறி, அதே எஜமானுக்கு வாரம் 40.5 மணி நேரம் கூலியில்லாம உழைக்கணும்.

இந்த 40.5-லதான் சூட்சுமமே இருக்கு. ஒரு நாளைக்கு 9 மணி நேரம்னு வச்சா நாலரை நாள்ல முடிஞ்சுரும். வெள்ளிக்கிழமை மத்தியானத்துல இருந்து அவங்க நேரம். பல மைல் தள்ளி மலைச்சரிவுல இருக்கிற தங்களோட தோட்டத்துக்கு நடந்து போய், கிழங்கு வெட்டிட்டு வந்து, சந்தையில வித்தாத்தான் கையில காசு. இதைத் தெரிஞ்சுக்கிட்டே நிறைய முதலாளிங்க வேலையை 8 மணி நேரமா பிரிச்சாங்க. கேட்க நல்லா இருக்கும், தினம் ஒரு மணி மிச்சம்தானே? ஆனா அந்த ஒரு மணியில தோட்டத்துக்குப் போய்ச் சேரவே முடியாது. வெள்ளிக்கிழமை அரை நாளும் போச்சு. கூடவே, சட்டத்துல எழுதலைன்னு சொல்லி, வழக்கமா குடுத்த கருவாட்டை நிறுத்துனாங்க, வயலுக்குத் தண்ணி தூக்குற ஆளையும் நிறுத்துனாங்க.

தட்டிக் கேட்டா? எஜமான் சவுக்கைத் தொடக் கூடாது, மாஜிஸ்திரேட்தான் தண்டிக்கணும். பெண்களுக்குச் சவுக்கடியே கூடாதுன்னு சட்டம். அதுக்குப் பதிலா சிறைக்கூடத்துல ஒரு சுழலுற மர உருளை. கையை மேல கட்டிருவாங்க, படி படியா மிதிச்சுக்கிட்டே இருக்கணும். கால் தவறினா படி முழங்கால்ல வந்து இடிக்கும். அந்தக் கூடமோ உள்ளூர் முதலாளிங்க கையில. அங்க பெண்களுக்கும் அடி விழுந்துச்சு. இதைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரியுது.

சரி, படிப்பு? அடிமைகளை இழந்த எஜமானர்களுக்கு பிரிட்டிஷ் அரசு குடுத்த நஷ்ட ஈடு, எல்லாக் காலனிக்கும் சேர்த்து, 2 கோடி பவுண்டு. பள்ளிக்கூடங்களுக்கு, அதே மாதிரி எல்லாக் காலனிக்கும் சேர்த்து, அதிகபட்சமே வருஷம் 30,000 பவுண்டுதான். 1835-ல ஆரம்பிச்ச அந்த மானியமும் பத்து வருஷத்துல நின்னுருச்சு. முதல்ல பணம் வந்தது கட்டடத்துக்கு, அதுலயும் மூணுல ஒரு பங்கை பள்ளிக்கூடம் நடத்துற கிறிஸ்தவ மிஷன்தான் போடணும். வாத்தியாருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? பெரியவங்களுக்கோ ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும்தான் எழுத்துக் கத்துக்க நேரம்.

1838 ஆகஸ்ட் 1-ல அப்ரண்டிஸ் முறையும் போச்சு. உடனே முதலாளிங்க, தங்க நிலத்துல அவங்க குடியிருந்த குடிசைக்கு வாடகை கேட்டாங்க, அதுவும் பல இடத்துல தலைக்கு இவ்வளவுன்னு. கரும்பு வெட்ட வரலைன்னா வீட்டைக் காலி பண்ணச் சொன்னாங்க. அதனாலதான் பாப்டிஸ்ட் மிஷன் மலையில நிலம் வாங்கி, மனை மனையா பிரிச்சு வித்துச்சு. ஸ்லைகோவில்ங்கிறது அப்படி உருவான ஊர், அதுக்கு நிலம் மட்டும் முன்கூட்டியே 1835-ல வாங்கியிருந்தாங்க. காணி சொந்தம்னு ஆனதும், கூலி கட்டுப்படலைன்னா 'வரலை'ன்னு சொல்ல முடிஞ்சுது.