வெளிநாட்டுப் பழைய கேரவன்: முன்பணம் கொடுப்பதற்கு முன் பாருங்கள்

[திரையில்: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. பழம்பொருள் கடைகளின் வாசலில் எனாமல் பாத்திரங்கள், மரக்கதவுகள், சுவர்க் கடிகாரங்கள்.]

வணக்கம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு நடை போய்வந்தாலே தெரிந்துவிடும், கடல் தாண்டி வந்த பொருள்மேல் இந்த ஊருக்கு எவ்வளவு ஆசை என்று. பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, பர்மிங்காம் இரும்பு என்று கப்பல் கப்பலாக வந்திறங்கிய சரக்கில்தான் செட்டிநாட்டு வீடுகள் எழுந்தன. ஆகவே இங்கிலாந்திலோ ஜெர்மனியிலோ கிடக்கும் பழைய கேரவன் ஒன்றை, அதாவது உள்ளேயே படுத்துத் தங்கும் வசதியுள்ள வண்டியை, வாங்கி வந்து, விடுமுறைக்குப் பிள்ளைகளோடு ஊர் ஊராகப் போகலாமா என்று இங்கே ஒரு குடும்பம் கேட்டால் எனக்கு வியப்பே இல்லை. அருமையான ஆசை. ஆனால் அந்த வண்டியின் அழகில் மயங்குவதற்கு முன்னால் நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட வேண்டும். இந்த வீடியோவில் அதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்கியிருக்கிறேன்.

[திரையில்: இரண்டு வண்டிகளின் கோட்டோவியம். ஒன்று எஞ்சின் உள்ளது, மற்றொன்று காரின் பின்னால் பூட்டப்பட்டது.]

கேரவனில் இரண்டு வகை உண்டு. எஞ்சினும் படுக்கையும் ஒரே உடலில் இருப்பது மோட்டார் கேரவன். ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் படுக்கையும் அடுப்பும் பொருத்திக் கொடுத்த வண்டிகள் இந்த வகை. காரின் பின்னால் பூட்டி இழுத்துப்போவது இழுவை கேரவன். அமெரிக்காவின் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் 1936இல் கொண்டுவந்த கிளிப்பர் அப்படிப்பட்டது. ரிவெட் அடித்த அலுமினிய உடல் கொண்டது. ஜெர்மனியின் எரிபா, எஃகுக் குழாய்ச் சட்டத்தின்மேல் கட்டப்பட்டு, நின்ற இடத்தில் கூரையை உயர்த்திக்கொள்ளும் சிறிய வண்டி. பிரிட்டனில் 1919இலேயே கேரவன் கட்டி விற்கத் தொடங்கிய எக்கிள்ஸ் நிறுவனம், நம் வீடுகளுக்கு இரும்பு அனுப்பிய அதே பர்மிங்காமில் பிறந்தது.

முதலில் மோட்டார் கேரவனை எடுத்துக்கொள்வோம். பயன்படுத்திய மோட்டார் வாகனத்தை இந்தியாவுக்குள் கொண்டுவர வேண்டுமானால், அது தயாரிக்கப்பட்டு 3 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம் இருக்க வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். இது பொது விதி. 50 வயது தாண்டிய மிகப் பழைய வண்டிகளுக்கு மட்டும் விண்டேஜ் என்று ஒரு தனி வழி இருக்கிறது. 1985இல் செய்த வேன் இந்த இரண்டிலும் சேராது. பார்க்கப் பழையதாக இருந்தாலும் விண்டேஜ் ஆகும் அளவுக்கு அதற்கு வயது போதாது. இணையத்தில் நம் ஆட்கள் ஆசையோடு பார்க்கும் வண்டிகளில் பெரும்பாலானவை இந்த இடைப்பட்ட வயதில் இருப்பவைதான்.

சரி, 50 வயது தாண்டிய வண்டியே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குடும்பங்கள் கவனமாகக் கேட்க வேண்டிய பகுதி இதுதான்.

[திரையில்: வி.ஏ. என்ற எழுத்துகள் உள்ள பதிவுப் பலகை.]

2021ஆம் ஆண்டு மத்திய அரசு விண்டேஜ் வாகனப் பதிவுக்கென்று தனி விதிகளை வெளியிட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் ஆன இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு வி.ஏ. என்ற எழுத்துகளோடு பதிவு எண் கிடைக்கும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். இதுவரை எல்லாம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்த வண்டியை எதற்காகச் சாலையில் எடுக்கலாம் என்றும் அதே விதி சொல்லிவிடுகிறது: கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, விண்டேஜ் ராலி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு. வழக்கமான பயணத்துக்கோ வணிகத்துக்கோ எடுக்கக் கூடாது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ராமேஸ்வரம் போவது இந்தப் பட்டியலில் இல்லை. சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருந்தால் விண்டேஜ் தகுதியும் போய்விடும். பழைய எஞ்சினைக் கழற்றிப் புதியது வைத்து, ஏ.சி.யும் பொருத்திக்கொள்ளலாம் என்ற யோசனை அதோடு முடிந்தது.

இத்தனைக்கும் மேல் வரி இருக்கிறது. வண்டி விலையோடு கப்பல் கூலியையும் காப்பீட்டையும் சேர்த்து வரும் தொகைக்குத்தான் சுங்க வரி கணக்கிடுவார்கள். பயன்படுத்திய கார் என்றால் அந்த வரி வண்டியின் விலையையே தாண்டிவிடும். இவ்வளவு செலவழித்து முகப்பில் காட்சிக்கு நிறுத்திவைக்க விரும்புகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். குடும்ப விடுமுறைக்கென்று வாங்காதீர்கள். அது என் உறுதியான கருத்து.

[திரையில்: ஹைக்யூப் கன்டெய்னரின் வாசல், அளவுகளோடு.]

இழுவை கேரவனுக்கு எஞ்சின் இல்லை. அதனால் இந்தத் தொல்லைகளும் இல்லை என்று தரகர்கள் சொல்வார்கள். பாதிதான் உண்மை. முதலீட்டு இயந்திரங்கள் தவிர்த்த பிற பழைய பொருள்கள் எல்லாம் கட்டுப்படுத்தப்பட்ட இறக்குமதிப் பட்டியலில் இருக்கின்றன. அவற்றுக்கு வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் முன் அனுமதி வேண்டும். உங்கள் வண்டி எந்தத் தலைப்பில் வரும் என்பதைச் சுங்க முகவர் எழுத்தில் தரட்டும். இங்கே வந்த பிறகு டிரெய்லராகப் பதிவு செய்ய முடியுமா, உங்கள் கார் அதை இழுக்க அனுமதி உண்டா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, அந்தப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். கப்பலில் ஏற்றுவதற்கும் அளவு பார்க்க வேண்டும். ஹைக்யூப் எனப்படும் உயரம் கூடிய 40 அடி கன்டெய்னரின் வாசல் ஏறத்தாழ 2.34 மீட்டர் அகலமும் 2.58 மீட்டர் உயரமும் கொண்டது. எரிபா போன்ற சிறிய வண்டி எளிதாக நுழையும். பெரிய பிரிட்டிஷ் கேரவன்கள் பல உயரத்திலேயே இடிக்கும்.

வாசல் எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள். பிரிட்டனில் நம்மைப்போலவே இடப்பக்கம் வண்டி ஓட்டுகிறார்கள். அங்கே செய்த கேரவனின் கதவு இடப்பக்கம், அதாவது சாலையோரமாகத் திறக்கும். ஜெர்மன் வண்டியின் கதவு வலப்பக்கம். அதை இங்கே ஓரமாக நிறுத்தினால் குழந்தைகள் ஓடும் லாரிகளுக்கு நேரே இறங்குவார்கள். மின்சாரமும் அப்படித்தான்: ஐரோப்பிய வண்டிகள் நம்மைப்போல 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அமெரிக்க வண்டி 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஏர்ஸ்ட்ரீம் வாங்கினால் உள்ளே இருக்கும் மின்சாதனங்களை மாற்ற வேண்டியிருக்கும்.

இதற்கெல்லாம் பிறகு நம் வெயில் இருக்கிறது. அவை மிதமான கோடைக்குச் செய்த வண்டிகள். சித்திரை மாதப் பகலில் செட்டிநாட்டுப் பொட்டலில் நிறுத்திய மெல்லிய அலுமினியப் பெட்டிக்குள் யாரும் உட்கார முடியாது. எரிவாயுவில் ஓடும் பழைய குளிர்பெட்டி அந்தச் சூட்டில் திணறும். அது சமதளத்தில் நின்றால்தான் சரியாக வேலை செய்யும் என்பதையும் நினைவில் வையுங்கள். மலைக்குத் தப்பிவிடலாம் என்றால், வால்பாறைச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். பின்னால் ஒரு கேரவனை இழுத்துக்கொண்டு அவற்றில் திரும்ப வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

[திரையில்: பசுமையான முகாம் திடலில் நிற்கும் சிறிய கேரவன், முன்னால் மடக்கு நாற்காலிகள்.]

அப்படியானால் ஆசையை விட்டுவிட வேண்டுமா? வேண்டியதில்லை. அந்த வண்டியை அது பிறந்த நாட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டில் எத்தனையோ வீடுகளில் ஒரு பிள்ளையாவது வெளிநாட்டில் இருக்கிறது. லண்டனில் அண்ணன் இருந்தால் வண்டியை அவர் பெயரில் வாங்கி, விடுமுறைக்கு எல்லாரும் அங்கே கூடலாம். இழுவை கேரவனுக்குப் பிரிட்டனில் தனிப் பதிவு தேவையில்லை; இழுக்கும் காரின் எண்ணைப் பின்னால் மாட்டினால் போதும். ஆண்டுச் சோதனைச் சான்றும் கேட்பதில்லை. ஜெர்மனியில் நிலைமை வேறு: பதிவும் உண்டு, குறித்த இடைவெளியில் தகுதிச் சோதனையும் உண்டு. சாமான் ஏற்றிய கேரவனின் எடை காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பிரிட்டிஷ் கேரவன்காரர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் அறிவுரை. பழைய வண்டிகள் எடை குறைந்தவை என்பதால் நடுத்தரக் காரே போதும்.

வாங்கும்போது ஈரத்தைத் தேடுங்கள். பழைய கேரவனைக் கொல்வது துரு அல்ல, ஈரம். வெளியே பளபளக்கும் அலுமினியத் தகட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் மரச்சட்டம்தான் இருக்கிறது. கூரை ஓரத்திலும் சன்னல் மூலைகளிலும் பூசிய அடைப்புப் பசை காய்ந்ததும் மழைநீர் உள்ளே இறங்கி, வருடக்கணக்கில் அந்த மரத்தைத் தின்றுகொண்டிருக்கும். கதவைத் திறந்ததும் பூஞ்சை வாடை வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள். இருக்கை மெத்தைகளைத் தூக்கி, பெட்டிகளின் உள்மூலைகளை விரலால் அழுத்துங்கள். தரையில் நடக்கும்போது எங்காவது மெத்தென்று அமுங்கினால் ஒட்டுப்பலகை பிரிந்துவிட்டது என்று பொருள். அண்மையில் புதுப் பெயின்ட் அடித்த உட்சுவரை நம்பாதீர்கள். ஈரமானி வைத்துப் பார்க்க விற்பவர் மறுத்தால் திரும்பி வந்துவிடலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் பல ஆண்டுகள் நின்றே கிடந்த டயரை மாற்றித்தான் ஆக வேண்டும். எரிவாயுக் குழாய்க்கும் அதே விதி. அக்ரிலிக் சன்னல் உடைந்திருந்தால் அதே மாதிரி கிடைப்பது அரிது. அளவெடுத்துச் செய்ய வேண்டும், விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: கரூர் பஸ் பாடி கட்டும் பட்டறை.]

தமிழ்நாட்டுச் சாலையில்தான் பயணம் என்றால், இங்கேயே கட்டிய மோட்டார் கேரவனைப் பாருங்கள். அதற்கென்று ஏ.ஐ.எஸ்.-124 என்ற தரநிலை நடைமுறையில் இருக்கிறது. நமக்குப் பக்கத்திலேயே கரூரில் பஸ் பாடி கட்டும் கைத்திறன் தலைமுறைகளாக இருக்கிறது. ஆனால் ஏதோ ஒரு வேனை வாங்கி, பட்டறையில் விருப்பப்படி வெட்டி ஒட்டினால் வண்டியின் அமைப்பை இஷ்டப்படி மாற்றுவதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே வரும். அங்கீகாரம் பெற்ற வடிவமைப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். கேரளம் 2021இல் கேரவன் கேரளா திட்டத்தைத் தொடங்கியது. வாகமண் பக்கம் கேரவன் பூங்காவும் வந்துவிட்டது. வாடகை வண்டியில் அங்கே ஓரிரவு தங்கிப் பார்த்துவிட்டு உங்கள் வண்டிக்கு அளவு சொல்லலாம்.

உள்ளே தேக்கு வெனீர், பித்தளைக் கைப்பிடி, கண்டாங்கிக் கட்டம் போட்ட திரை என்று நம் ஊர் அழகைத் தாராளமாகக் கொண்டுவாருங்கள். ஆத்தங்குடிக் கல் மட்டும் வேண்டாம். சிமெண்ட் கல்லின் எடையை வண்டி சுமக்க வேண்டும், குலுக்கலில் விரிசலும் விடும். பழைய ஐரோப்பிய வண்டிகள் நாலு பேருக்குச் செய்தவை. நம் வீட்டிலிருந்து கிளம்பினால் ஐயாவும் ஆயாவும் சேர்ந்து எட்டுப் பேர். கட்டக் கொடுக்கும்போதே படியின் உயரத்தைக் குறைத்து, வாசலின் இரண்டு பக்கமும் கைப்பிடி வைக்கச் சொல்லுங்கள். கழிப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும்.