கணக்கு வாசித்தபோது யார் உட்கார்ந்திருந்தார்கள்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மழை மிரட்டியும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

உள்ளாட்சி மேல் மக்களுக்கு நம்பிக்கை வருவது ஒளிவுமறைவில்லாத கணக்காலா, எல்லோரையும் சேர்த்துக்கொள்வதாலா? இதுதான் இன்றைய கேள்வி. சேர்த்துக்கொள்வதால்தான் என்று சொல்ல நான் வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணன், வரவு செலவைப் பலகையில் எழுதிப் போடு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கொடு, மக்களே கணக்கைச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கை நடத்து, நம்பிக்கை தானாக வரும் என்றார். சான்றுக்கு உத்திரமேரூரையும் ராஜஸ்தானையும் வைத்தார். நல்ல சான்றுகள். அவற்றையே நானும் கையில் எடுக்கிறேன்.

உத்திரமேரூரில் இருப்பவை முதலாம் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகள். 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஓலையில் பெயர் எழுதி, குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி, ஊர் வேலைகளைப் பார்க்கும் குழுவான வாரியத்துக்கு ஆள் தேர்ந்தார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி அந்தப் பக்கம் வர முடியாது; அவன் உறவுக்காரர்களும் வர முடியாது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய இந்த விதியைப் படிக்கும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அண்ணன் அதே கல்வெட்டில் இன்னும் சில வரிகளை வாசித்திருக்கலாம். குடத்துக்குள் ஓலை போக என்ன தகுதி? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். அது பிராமணர்களின் சபை. அந்த நிலத்தில் நாற்று நட்டவள் பெயர் எந்த ஓலையில் இருந்தது? கதிர் அறுத்துக் களம் சேர்த்தவன் பெயர் எந்த ஓலையில் இருந்தது? கணக்கு சுத்தமாகவே இருந்திருக்கட்டும். குடத்துக்குள் பெயர் இருந்தவர்கள், குடத்துக்குள் பெயர் இருந்தவர்களுக்கே காட்டிக்கொண்ட கணக்கு அது.

இந்தக் குடத்தின் வாய் அகலமாவதற்கு 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வர வேண்டியிருந்தது. அதை ஒட்டி 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். 1996இல் தேர்தல். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கு ஏற்ற இடம், தலைவர் பதவியிலும் ஒதுக்கீடு. 2016இல் பெண்களுக்கான பங்கு பாதியாக உயர்ந்தது. சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. ஊர் வந்ததா?

நடுவர் அவர்களே, மதுரை மாவட்டத்துக்காரர்கள் இந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். நான்கு ஊராட்சிகளிலும் தலைவர் பதவி பட்டியலினத்தவருக்கு என்று ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் அங்கே ஒரு தலைவர் நிலைத்து உட்கார முடியவில்லை. ஒரு முறை வேட்புமனுவே வராது. மனு வந்து ஒருவர் ஜெயித்துவிட்டால், பதவியேற்ற கையோடு விலகல் கடிதம் கொடுத்துவிடுவார். ஊர்க் கட்டுப்பாடு அப்படி. மேலூர்ப் பக்கம் மேலவளவில், அதேபோல ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிக்கு நின்று ஜெயித்த முருகேசனை 1997 ஜூன் 30ஆம் தேதி, உடன் வந்தவர்களோடு, பேருந்தை மறித்துக் கொன்றார்கள். ஒரு நாற்காலிக்காக.

அந்தப் பத்து ஆண்டுகளில் இந்த நான்கு ஊர்களில் கணக்கு எழுதப்படாமலா போனது? அதிகாரிகள் எழுதினார்கள். தணிக்கைக்குக் கோப்பு போனது, வந்தது. கணக்கு இருந்தாலே நம்பிக்கை வரும் என்றால் பாப்பாபட்டிக்கு அப்போதே வந்திருக்க வேண்டும். 2006இல் அன்றைய மதுரை மாவட்ட ஆட்சியர் உதயச்சந்திரன் தன் மாவட்டத்து ஊர்களுக்கே போய், இரண்டு தரப்போடும் உட்கார்ந்து பேசினார். அக்டோபரில் தேர்தல் நடந்தது. ஜெயித்தவர்கள் விலகவில்லை. அடுத்த மாதம் சென்னையில் அரசே அவர்களை அழைத்துச் சமத்துவப் பெருவிழா எடுத்தது. அதே பாப்பாபட்டியில் 2021 அக்டோபர் 2ஆம் தேதி நடந்த கிராம சபையில் அன்றைய முதலமைச்சர் வந்து உட்கார்ந்தார். அங்கே திறந்தது கணக்குப் புத்தகம் இல்லை, கதவு.

"நாற்காலி கொடுத்தால் போதுமா தங்கச்சி, தலைவி பேருக்கு உட்காருவார், வீட்டுக்காரர்தானே ஆட்சி செய்கிறார்?" என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி, மறைக்க மாட்டேன். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியலினப் பெண் தலைவரைத் தரையில் உட்காரவைத்துக் கூட்டம் நடத்திய படத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் ஒரு பெண் தலைவர் சுதந்திர தினத்தில் கொடி ஏற்ற முடியவில்லை. சில நாள் கழித்து ஆட்சியர் வந்த பிறகுதான் ஏற்றினார். இதெல்லாம் சேர்த்துக்கொண்டதால் வந்த கேடா? பாதி சேர்த்துவிட்டு நிறுத்தியதால் வந்த கேடு. அதற்கு மருந்து பலகையில் இன்னொரு வரி எழுதுவது ஆகாது.

எங்கே கூட்டம் போடுகிறோம் என்பதில்கூட இது இருக்கிறது. கிராம சபையை மதச்சார்புள்ள எந்த வளாகத்திலும் நடத்தக் கூடாது என்று அரசு ஒவ்வொரு முறையும் அறிவுறுத்துகிறது. காரணம் எளிது. கோயில் மண்டபத்தில் போட்டால் சில தெருக்காரர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள். 10,000 பேருக்கு மேல் வாழும் ஊராட்சியில் 300 பேர் வந்தால், கூட்டம் செல்லத் தேவையான குறைவெண் வரம்பு நிறைந்துவிடும். அந்த 300 கையெழுத்தும் ஒரே இரண்டு தெருவிலிருந்து வந்திருந்தாலும் தீர்மானம் செல்லும். தணிக்கையாளர் கையெழுத்தை எண்ணுவார், தெருவை எண்ண மாட்டார்.

இன்னொன்று. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் வழக்கில் சிக்கியது. 2019 டிசம்பர் வரை கிராம ஊராட்சிகளை அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். அண்ணன் கேட்கும் கணக்கு, ரசீது, கோப்பு எல்லாம் அப்போதும் இருந்தன. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் எந்த வீட்டுத் திண்ணையில் போய் நிற்பது என்பதுதான் இல்லை. அந்த மூன்று ஆண்டுகளில் ஊராட்சி மேல் நம்பிக்கை கூடியது என்று சொல்லும் ஒருவர் இந்தக் கூட்டத்தில் இருந்தால் கை தூக்கட்டும்.

ராஜஸ்தானுக்கு வருகிறேன். தகவல் உரிமைக்கு வித்திட்ட மண் என்றார் அண்ணன். உண்மை. 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. அருணா ராய் போன்றவர்கள் கூலிக்காரர்களோடு சேர்ந்து கட்டிய இயக்கம் அது. வேலைக்கு வந்தவர்களின் பதிவேட்டைத் திறந்த வெளியில் உரக்க வாசித்தார்கள். அதுவரை அந்தப் பதிவேடு அரசு அலுவலக அலமாரியில் ஒழுங்காகத்தான் இருந்தது. கூட்டலில் பிழை இருந்திருக்காது. அதை உடைத்தது எது? அந்த வேலைக்கே போகாத ஆள் அங்கே உட்கார்ந்திருந்தார். தன் பெயரை வாசித்ததும் எழுந்து, அந்த வேலைக்கு நான் போகவே இல்லையே என்றார். படிக்கத் தெரியாதவர்கள் காதால் தணிக்கை செய்தார்கள். பிறகு 1996இல் பியாவர் நகரத்தில் தகவல் உரிமை கேட்டு 40 நாள் தர்ணா. 2005இல் நாட்டுக்கே சட்டம். கணக்கு அணியின் மிகப் பெரிய வெற்றி என்று அண்ணன் காட்டியது, இதுவரை யாரும் கூப்பிடாத ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்ததால் கிடைத்த வெற்றி.

மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் நியமன உறுப்பினர்களாக்க 2025இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. அதையும் நான் இந்தக் கணக்கில்தான் சேர்க்கிறேன். சாய்தளம் இல்லாத ஊராட்சி அலுவலகத்தைப் பற்றி எந்தத் தணிக்கை அறிக்கை எழுதும்? சக்கர நாற்காலியில் வரும் உறுப்பினர் முதல் கூட்டத்திலேயே எழுப்புவார்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு உட்காருகிறேன்.

என் அம்மா 1996இல் எங்கள் ஊராட்சியில் வார்டு உறுப்பினர். அறிவொளி இயக்கத்தில் கையெழுத்துப் போடக் கற்றவர். முதல் ஓராண்டு அவரை எந்தக் கூட்டத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை. மாதம் ஒரு தடவை எழுத்தர் சைக்கிளில் வருவார். எங்கள் வீட்டுக்குள் வர மாட்டார். வாசலில் நின்றபடியே தீர்மானப் புத்தகத்தை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா" என்பார். அம்மா போடுவார். அந்த ஆண்டின் கணக்கு முழுக்கச் சரி. எல்லாப் பக்கத்திலும் உறுப்பினர் கையெழுத்து இருந்தது.

ஒரு நாள் அம்மா பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "கூட்டத்துக்கு வர்றேன், அங்க போடுறேன்" என்றார். அடுத்த கிராம சபைக்கு எங்கள் தெருப் பெண்கள் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு போனார். நானும் போனேன், எனக்குப் பத்து வயது. மந்தையில், வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், வெயிலில் உட்கார்ந்தோம். எழுத்தர் வரவு செலவு வாசித்தார். யாரும் வாய் திறக்கவில்லை. காலனி மோட்டார் பழுதுபார்த்த செலவு என்று ஒரு தொகையை வாசித்தார். பின்னாலிருந்து ஒரு பாட்டி, எழுந்திருக்காமலே, பக்கத்தில் இருந்தவளிடம் கேட்கிற குரலில் கேட்டார்: "எங்க மோட்டாரு ஓடி ரெண்டு மாசமாச்சே, அவுக எந்த மோட்டாரச் சொல்றாக?"

கூட்டம் முழுதும் திரும்பிப் பார்த்தது. தலைவர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "அந்தம்மாவெல்லாம் நெழலுக்கு வரட்டும்ப்பா. மொதல்லேருந்து வாசி" என்றார்.

அம்மாவும் அந்தப் பாட்டியும் மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தார்கள். எழுத்தர் முதல் பக்கத்தைத் திருப்பினார்.

வணக்கம்.