பழனிக்குப் போன ரிமோட்

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்மாரே, பத்து மணிக்கு மேலும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிற ஊர் மக்களே, வணக்கம். வேலைக்கு வந்தவரை அலுவலகத்தில் நிலைக்க வைப்பது சம்பளமா, சூழலா? நான் சூழல் கட்சி.

எனக்கு முன் பேசிய அண்ணன் ஒரு வெடி போட்டுவிட்டுப் போனார். "சூழல், சூழல் என்கிறார்களே, மாசக் கடைசியில் அந்தச் சூழலை மளிகைக் கடையில் நீட்டினால் பருப்பு தருவானா?" என்றார். நீங்களும் தட்டினீர்கள். வேட்டியை மடித்துக் கட்டிய அந்தப் பெரியவர் எழுந்து நின்றே தட்டினார்.

சரி அண்ணே, மளிகைக் கடைக்கே போவோம்.

எங்கள் தெருவில் இரண்டு கடை. முனைக் கடைக்காரர் பையன்களுக்கு ஆயிரம் ரூபாய் கூடுதலாகவே கொடுக்கிறார். ஆனால் மாதத்துக்கு ஒரு புது முகம். ஏனென்றால் அங்கே எல்லாருக்கும் ஒரே பெயர்தான்: "டேய்." எதிர்த்தாற்போல் அண்ணாச்சி கடை. மதியம் இரண்டு மணிக்கு ஷட்டர் பாதி இறங்கும். தரையில் பேப்பரை விரித்து, அண்ணாச்சியும் பையன்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அண்ணாச்சி வீட்டு அக்கா வைத்த குழம்பு அத்தனை பேருக்கும் ஒன்றுதான். தராசில் நிற்கிற தம்பி அங்கே பதினெட்டு வருடமாக இருக்கிறார். "அக்கா, கடுகு போன வாரம்தானே வாங்குனீங்க?" என்று கேட்பார். என் வீட்டுக்காரருக்குத் தெரியாத என் வீட்டுக் கணக்கு அவருக்குத் தெரியும்.

பருப்பை நிறுத்துப் போடுகிற கையே சூழலால்தானே அண்ணே அந்தக் கடையில் நிற்கிறது?

(தட்டலாம். பெரியவர் இந்தத் தடவை உட்கார்ந்தே தட்டுங்கள், போதும்.)

சம்பளம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் வீட்டில் எனக்குச் சோறு விழாது. ஆனால் கைநிறையச் சம்பளம் கொடுத்த ஒரு ஆபீஸில் நான் இருந்திருக்கிறேன். பெயர் வேண்டாம். ஊர் மதுரை. கணக்குப் பிரிவில் பதினான்கு பேர், ஒரு மேனேஜர், ஒரு ஏசி. அந்த ஏசியின் ரிமோட் எங்கே இருக்கும்? மேனேஜர் சட்டைப் பையில். சாப்பிடப் போனாலும் கூடவே போகும், பாத்ரூம் போனாலும் போகும். ஒருநாள் போன் அடித்தபோது அவசரத்தில் ரிமோட்டைக் காதில் வைத்து "ஹலோ, ஹலோ" என்றார். நாங்கள் சிரிக்கவில்லை. சிரித்தால் அப்ரைசல்.

மே மாதம், அக்னி நட்சத்திரம். பேரனுக்கு மொட்டை போட மேனேஜர் பழனிக்குப் போய்விட்டார். ரிமோட்டும் பழனிக்குப் போய்விட்டது. ஏசியை முதல் நாள் மாலை பதினாறில் வைத்தவர் அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். மெயின் ஸ்விட்ச்சை அணைக்கலாமே என்பீர்கள். ஸ்விட்ச் அவர் கேபினுக்குள். கேபின் பூட்டியிருக்கிறது. சாவி? அதுவும் முருகனைப் பார்க்கத்தான் போயிருக்கிறது.

பதினோரு மணிக்குப் பெண்கள் எல்லாரும் முந்தானையைத் தலையோடு போர்த்திக்கொண்டோம். உள்ளே வந்த வாடிக்கையாளர் ஒருவர் குரலைத் தாழ்த்தி, "யார் தவறிட்டாங்க?" என்று கேட்டார். மதியம் எங்கள் சீனியர் வீட்டுக்குப் போய் ஒரு குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு வந்தார். திரும்பச் சொல்கிறேன். மதுரை. அக்னி நட்சத்திரம். குரங்குக் குல்லா! வாசலில் செக்யூரிட்டி அவரை உள்ளே விடமாட்டேன் என்கிறார்.

கடைசியில் மேனேஜருக்குப் போன் போட்டோம். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "போனை ஏசி பக்கம் காட்டுங்க, நான் இங்கேருந்து அமுக்குறேன்." காட்டினோமே! பதினான்கு பேரும் நின்று காட்டினோம். "நின்னுச்சா?" என்கிறார் மலையிலிருந்து. "இல்ல சார்." "கிட்டக் கொண்டுபோங்க." ஸ்டூல் போட்டு ஏறிக் காட்டினோம்.

ஸ்டூலில் ஏறியவர் அந்தக் குரங்குக் குல்லாக்காரர். மறுமாதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அப்போது அவருக்கு நாலு வருடம் இரண்டு மாதம் சர்வீஸ். ஐந்து வருடம் போட்டால்தான் கிராஜுட்டி, அதாவது வேலையை விடும்போது கைக்கு வருகிற பணிக்கொடை, என்பது அன்றைய கணக்கு. கணக்குப் பிரிவு ஆளுக்கு அந்தக் கணக்கு தெரியாதா? தெரிந்தேதான் போனார்.

சூழல் என்பதெல்லாம் ஐ.டி. கம்பெனிக்காரர்கள் கிளப்பிய புதுப் பேச்சு என்றும் அண்ணன் சொன்னார். புதுசா அண்ணே? 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, வாடியா தலைவராக, திரு.வி.க. துணை நிற்க. பெரம்பூர் ஆலைத் தொழிலாளிகள் அன்று சொன்ன குறைகளில், மதியச் சாப்பாட்டுக்கு விடுகிற நேரம் பத்தவில்லை என்பதும் ஒன்று. கூலியோடு சேர்த்து, உட்கார்ந்து சாப்பிட நேரமும் கேட்டிருக்கிறார்கள்.

உட்கார்ந்து என்றதும் எனக்கு எங்கள் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. இதைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறேன் நடுவர் அவர்களே.

அம்மா ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவு. காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஒன்பது வரை நின்றபடிதான். அலமாரியில் சாய்ந்தால் அபராதம். விரித்த சேலையை மடிக்கிற சாக்கில் குவியலுக்குப் பின்னால் குத்தவைத்து இரண்டு நிமிடம் உட்கார்வாராம். அதுதான் ஓய்வு. ராத்திரி வந்து படுத்துக் காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொள்வார். நான் நல்லெண்ணெய் தேய்ப்பேன். கெண்டைக்காலில் நரம்பு பச்சைப் பச்சையாகச் சுருண்டு கிடக்கும். விரல் பட்டாலே "மெதுவாடி" என்பார்.

கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் போராடியதில் கேரளத்தில் 2018இல் சட்டம் வந்தது. இங்கே 2021இல். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று. பேப்பரில் வந்ததை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் வேலையை விட்டு அப்போது பல வருடம் ஆகிவிட்டது. "நாற்காலிக்குமா சட்டம் போட்டாங்க?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "முதுகு சாயுற மாதிரி இருக்குமா?" என்று கேட்டார்.

போன தீபாவளிக்கு அம்மாவை ஜவுளி எடுக்கக் கூட்டிப் போனேன். கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருந்தது. அதன்மேல் சேலைப் பெட்டி ஆறு அடுக்கியிருந்தது. அந்தப் பெண் இந்தக் கால் மாற்றி அந்தக் கால் நிற்கிறாள். அம்மா கவுண்டருக்குள் கையை நீட்டி, பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து எங்கள் பக்கம் வைத்தார். "உட்காரும்மா, நாங்க பாத்துக்கிட்டுதான் இருப்போம்" என்றார்.

அந்தப் பிள்ளை உடனே உட்காரவில்லை. திரும்பி, சூப்பர்வைசர் நிற்கிற பக்கம் பார்த்தாள்.

மணி அடிக்கிறீர்கள் நடுவர் அவர்களே. வணக்கம்.