உறிஞ்சுவது வேறு, தேக்குவது வேறு

அவையோருக்கு வணக்கம்.

குளிர்ந்த நீரில் கரியமில வாயு அதிகமாகக் கரையும். ஆகவே வடதுருவக் கடல்கள் அதை விழுங்கிக்கொள்கின்றன என்று பலரும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். முதல் பாதி சரிதான். 25 டிகிரி செல்சியஸில் கரைவதைப் போல் இரு மடங்குக்கும் மேல் 0 டிகிரியில் கரையும். ஆனால் அந்த நீர் மேற்பரப்பிலேயே கிடந்தால் என்ன ஆகும்? கோடையில் சூடேறியதும் கரைந்ததில் ஒரு பங்கு காற்றுக்கே திரும்பிவிடும். பல நூறு ஆண்டுகள் தேங்க வேண்டுமென்றால் நீர் ஆழத்துக்கு இறங்க வேண்டும்.

அப்படி இறங்கும் இடங்கள் உலகில் மிகச் சில. வடக்கே கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே கடல்கள் ஒரு தொகுதி. கிரீன்லாந்தின் தென்பக்கம் இர்மிங்கர், லாப்ரடார் கடல்கள் இன்னொன்று. விநாடிக்கு 10 லட்சம் கன மீட்டர் ஓட்டத்தை ஒரு ஸ்வெர்ட்ரப் என்கிறோம். உலகின் ஆறுகள் அத்தனையும் சேர்ந்தாலும் ஒன்றேகால் ஸ்வெர்ட்ரப்பைத் தாண்டாது. கிரீன்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையே கடலடியில் கிடக்கும் மேட்டைத் தாண்டி வடக்கே போகும் அட்லாண்டிக் நீர் மட்டுமே சுமார் 8 ஸ்வெர்ட்ரப். அது குளிர்ந்து கனத்து, ஏறத்தாழ 6 ஸ்வெர்ட்ரப் அளவுக்கு மேட்டின் பள்ளங்கள் வழியாகத் தெற்கே வழிகிறது. அதில் பாதி, 600 மீட்டருக்குச் சற்றே கூடுதல் ஆழமுள்ள டென்மார்க் நீரிணை (கிரீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே உள்ளது) வழியே வருகிறது. வழிந்த நீர் சரிவில் இறங்கும்போது பக்கத்து நீரையும் இழுத்துக்கொண்டு போவதால், ஓட்டத்தின் அளவு வழியிலேயே பெருகுகிறது.

இங்கே ஒரு சிக்கல். காற்றோடு சமநிலை அடைய ஆக்சிஜனுக்குச் சில வாரங்கள் போதும்; கரியமில வாயுவுக்கோ பல மாதங்கள், ஓராண்டுகூட ஆகும். காரணம் வேதியியல்: கடல்நீரில் உள்ள கார்பனில் வாயுவாக இருப்பது 1 சதவீதம் அளவுதான், மீதியில் பெரும்பகுதி பைகார்பனேட். உள்ளே நுழையும் வாயு பெரும்பாலும் அந்த வடிவத்துக்கு மாறிவிடுவதால் இடம் நிரம்பவே நெடுங்காலம் பிடிக்கிறது. குளிர்காலத்தில் நீர் அவ்வளவு காத்திருப்பதில்லை, பாதி வயிற்றோடு இறங்கிவிடுகிறது. அப்படியானால் வடக்கே தேங்கியுள்ள மனிதக் கார்பன், அதாவது மனிதர் காற்றில் கலந்துவிட்ட கார்பன், எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு தெற்கே, வெதுவெதுப்பான பகுதிகளில் நீருக்குள் புகுந்து, ஓட்டத்தோடு வந்தது. உலகக் கடற்பரப்பில் வடக்கு அட்லாண்டிக்கின் பங்கு 15 சதவீதம். 1994 வரை கடலில் சேர்ந்த மனிதக் கார்பனில் 23 சதவீதம் அங்கேதான் இருந்தது. ஆகவே அந்த ஓட்டம் தளர்ந்தால் தேக்கமும் தளரும்.

ஓட்டத்தைத் தளர்த்துவது எது? உப்புக் குறைவு. குளிர்நீரின் அடர்த்தியை நிர்ணயிப்பதில் வெப்பத்தைவிட உப்புக்கே பங்கு அதிகம். ஒரு கிலோ நீரில் 0.1 கிராம் உப்பு குறைந்தாலே, 0 டிகிரியை ஒட்டிய நீரில் ஒரு டிகிரிக்கும் மேலான குளிர்ச்சி வீணாகிவிடும். 1960களின் பிற்பகுதியில் கிரீன்லாந்துக்கும் ஸ்வால்பார்டுக்கும் இடையே உள்ள ஃப்ராம் நீரிணை வழியே ஆர்க்டிக்கிலிருந்து பனிக்கட்டியும் நன்னீரும் மிகையாக வெளியேறின. அது லாப்ரடார் கடலை எட்டியதும், 1969 முதல் 1971 வரையான குளிர்காலங்களில் அங்கே நீர் ஆழமாகப் புரள்வது, அதாவது குளிர்ந்து கனத்த மேல்நீர் கீழிறங்கிக் கலப்பது, ஏறக்குறைய நின்றுபோனது. அதே கடல் 1990களின் தொடக்கத்தில் 2000 மீட்டருக்கும் கீழே வரை புரண்டது.

ஆழமாகப் புரள்வதும், நிகரமாக இறங்கி ஓடுவதும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 2014 முதல் லாப்ரடாரிலிருந்து ஸ்காட்லாந்து வரை நிறுத்தப்பட்டுள்ள ஓஸ்நாப் அளவைக் கருவிகளின் முதல் 21 மாதப் பதிவுகள், தலைகீழ்ச் சுழற்சியின் (மேலே வடக்கே போகும் நீர் கனத்து இறங்கி ஆழத்தில் தெற்கே திரும்புவதன்) பெரும்பகுதி கிரீன்லாந்துக்குக் கிழக்கேதான் நடக்கிறது என்று காட்டின. லாப்ரடாரை மட்டும் பார்த்துப் போடும் கணக்கு பிசகும். 'வளைகுடா நீரோட்டம் நிற்கப்போகிறது' என்ற தலைப்புச் செய்திகளும் அப்படித்தான். அந்த நீரோட்டத்தைப் பெரிதும் தள்ளுவது காற்று. தளரக்கூடியது அதோடு பிணைந்த ஆழச் சுழற்சி.

பனிக்கட்டி விலகினால் கடல் கூடுதலாக உறிஞ்சும் என்று நம்பினார்கள். ஆர்க்டிக் பெருங்கடலின் ஆழ்பகுதியான கனடா வடிநிலத்தில் நடந்தது வேறு. உருகிய நன்னீர் மேலே மெல்லிய போர்வையாகப் படர்கிறது, கீழ்நீரோடு கலப்பதில்லை. அந்த மெல்லிய அடுக்கு சீக்கிரமே காற்றோடு சமநிலைக்கு வந்து, மேற்கொண்டு வாங்குவதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது.

இதையெல்லாம் அளப்பதுதான் கடினம். ஒரு கிலோ நீரில் சுமார் 2150 மைக்ரோமோல் கார்பன் இயற்கையாகவே உண்டு. மனிதரால் மேற்பரப்பில் ஆண்டுக்குக் கூடுவது ஏறத்தாழ 1 மைக்ரோமோல். நல்ல ஆய்வகத்தின் பிழையே 2. ஆகவே ஒரே பயணத்தில் எதுவும் தெரியாது. அதே தடத்தில் பத்தாண்டுகளுக்கொரு முறை போக வேண்டும். மாதிரிப் புட்டியில் நுண்ணுயிர்கள் சுவாசித்துக் கணக்கைக் கெடுக்காமலிருக்க மெர்குரிக் குளோரைடு சேர்க்க வேண்டும். நீர் எப்போது மேற்பரப்பை விட்டு இறங்கியது என்பதை அறிய, சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு என்ற வாயுவையும், குளிர்பதன வாயுக்களான குளோரோஃபுளோரோகார்பன்களையும் சேர்த்தே அளக்கிறார்கள். காற்றில் அவை எந்த ஆண்டில் எவ்வளவு இருந்தன என்பது பதிவில் உண்டு.

இத்தனைக்கும் நீர் இறங்குவது பிப்ரவரி, மார்ச்சில். கப்பல்கள் பெரும்பாலும் போவது கோடையில். 10 நாளுக்கொரு முறை 2000 மீட்டரிலிருந்து மேலெழும் ஆர்கோ என்ற தானியங்கி மிதவைகள் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன. ஆனால் தலைக்கு மேல் பனிக்கட்டி இருந்தால் அவற்றால் மேலே வந்து செயற்கைக்கோளுக்குத் தகவல் அனுப்ப முடியாது. பதிவைச் சேமித்து வைத்துக்கொண்டு, திறந்த நீர் கிடைக்கும்வரை காத்திருக்கின்றன.