பனையும் அதன் உறவுகளும்

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, வேலை முடிந்து நேரே இங்கு வந்திருக்கும் துறைமுகத் தொழிலாளத் தோழர்களே, எனக்குத் தாவரவியல் கற்பித்து, தள்ளாத வயதிலும் படியேறி வந்திருக்கும் ஆசிரியப் பெருந்தகையே, அனைவருக்கும் பணிவான வணக்கம். பனைமரத்தொட்டி என்ற பெயர் இன்றும் விளங்கும் இந்த இராயபுரத்தில் பனையைப் பற்றிப் பேசக் கிடைத்தது என் நற்பேறு.

பனைக் குடும்பத்தின் இலை, பூ, வேதிப்பொருள் ஆகிய மூன்றையும் ஒப்பிட எண்ணியுள்ளேன். பனையோலை விசிறியாய் விரியும். அதன் மட்டை விளிம்பில் கருக்கு அரிவாள்பல்லாய் நிற்கும். தென்னையும் கமுகும் ஈச்சையும் சிறகுபோல் கீற்று விடுபவை. ஈச்சையின் அடிக்கீற்றுகள் முள்ளாகவே மாறிவிட்டன. கூந்தற்பனையின் சிற்றிலை மீன்வாலை ஒத்தது.

வேதிப்பொருளிலும் ஒவ்வொன்றும் தனிவழி. பாக்கில் கிளர்ச்சியூட்டும் அரிகோலின், தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம் என்னும் கொழுப்பமிலம், கூந்தற்பனைக் கனியில் தோலை அரிக்கச் செய்யும் ஆக்சலேட் ஊசிப்படிகங்கள், பனம்பழக் கசப்புக்குச் சோப்புப்போல் நுரைக்கும் சப்போனின். ஆனால் பனை, தென்னை, கூந்தற்பனை மூன்றின் பாளையிலும், ஈச்சையின் தண்டிலும் வடிவது சர்க்கரைச் சாறுதான்.

பனைமரத்தின் கீழே பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள். இதை நான் பட்டறிந்தவன். மீஞ்சூர்ப் பக்கம், எனக்குப் பத்து வயது. பனையேறி ஒருவர் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்த பதநீரை நான் குடித்ததைப் பார்த்த உறவினர், வீட்டுக்கு ஓடி, "உங்கள் பையன் கள் குடிக்கிறான்" என்று சொல்லிவிட்டார். அப்பா வேப்பங்குச்சியோடு வந்தார். பனையேறியோ ஒரு சொல்லும் பேசாமல் கலயத்தைச் சாய்த்து உட்புறத்தைக் காட்டினார், வெள்ளைவெளேரென்று சுண்ணாம்பு. அப்பா விரலால் தொட்டுப் பார்த்தார், முகர்ந்தார், குச்சியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு பட்டை குடித்தார். அந்தச் சுண்ணாம்பின் காரத்தன்மைதான் நொதிக்கச் செய்யும் நுண்ணுயிர்களை அடக்கிச் சாற்றைப் புளிக்கவிடாமல் காக்கிறது. சுண்ணாம்பில்லாக் கலயத்தில் சில மணி நேரத்திலேயே நுரை கட்டும்.

பூவைப் பற்றி, பனையில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், ஏனெனில் மரமே குறைந்து வருகிறது. பாலைக் குடித்தாலும் கள் என்ற அந்தப் பழிச்சொல்லும் பனையேறியை மரத்திலிருந்து இறக்கியது. ஏறுவோர் இல்லாத மரம் செங்கல் சூளைக்குப் போயிற்று. மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாது என 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. மாமன்ற உறுப்பினர் அவர்களே, எண்ணூரிலும் மணலியிலும் எஞ்சிய பனைகளை எண்ணிப் பட்டியலிட உதவுங்கள். ஆவணியில் பழம் விழும்; தோழர்களே, கொட்டைகளைப் பொறுக்கி வாருங்கள், புழல் ஏரிக்கரையில் உங்களோடு குழி தோண்ட நானும் வருகிறேன்.