சிபில் கெட்டுப்போச்சுன்னா ஏஜென்ட் எதுக்கு, நாமளே சரிபண்ணலாம்: பட்டிமன்றத்துல நான் பேசினது

நடுவர் ஐயாவுக்கும், இந்தக் குளிர்லயும் மப்ளரைக் கட்டிக்கிட்டு உக்காந்து கேக்குற கொடைக்கானல் சொந்தபந்தம் எல்லாருக்கும் வணக்கம். கெட்டுப்போன கடன் ஸ்கோரை, அதாவது வாங்குன கடனை ஒழுங்கா கட்டுறோமான்னு பாத்து நமக்குப் போடுற மார்க்கை, சரிபண்ண நம்ம முயற்சியே போதுமா, இல்ல காசு குடுத்து ஆள் வைக்கணுமாங்குறது தலைப்பு. நான் நம்ம முயற்சியே போதும்ங்குற அணி. எனக்கு முன்னாடி எதிரணியில பேசின டூரிஸ்ட் வேன் அண்ணன் ரெண்டு விஷயம் சொன்னாரு. உடம்புக்கு முடியலைன்னா டாக்டர்கிட்ட போறோம்ல, அந்த மாதிரி ஸ்கோருக்கும் அதுக்குன்னு இருக்குற ஆளுகிட்ட தான் போகணும்னாரு. அப்புறம், ஏப்ரல் மே சீசன்ல வண்டிய ஓரங்கட்டிட்டு பேங்க் படியேற யாருக்கு நேரம் இருக்குன்னு கேட்டாரு. அவருக்கு அடுத்து வந்த டீச்சரம்மா, எல்லாமே இங்கிலீஷ்ல இருக்கே, பூம்பாறையில பூண்டு போடுற அக்கா அதை எப்படிப் படிச்சுப் புரிஞ்சுக்கும்னு கேட்டாங்க. மூணும் நியாயமான கேள்வி தான், மூணுக்கும் பதில் சொல்லிட்டே இறங்குறேன்.

டாக்டர் விஷயத்தை முதல்ல எடுத்துக்குறேன். டாக்டர் கையில மருந்து இருக்கு அண்ணே. ஏஜென்ட் கையில என்ன இருக்கு? நம்ம நாட்டுல கடன் தகவல் வச்சிருக்க ரிசர்வ் பேங்க் லைசென்ஸ் குடுத்திருக்குறது நாலே நாலு கம்பெனிக்கு, சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க். நாம பேச்சுவழக்குல எல்லாத்தையும் சிபில்னே சொல்லிக்கிறோம். இந்த நாலு பேரும் தானா எதையும் எழுதுறதில்ல, நமக்குக் கடன் குடுத்த பேங்கோ ஃபைனான்ஸோ அனுப்புறதைத் தான் ஏத்துவாங்க, அந்த பேங்க் 'ஆமா தப்பு தான், மாத்துங்க'ன்னு சொன்னா ஒழிய ஒரு எழுத்தைக் கூட மாத்த மாட்டாங்க. அப்ப ஏஜென்ட் என்ன தான் பண்ணுவாரு? நம்ம பேரைச் சொல்லி அதே வெப்சைட்ல அதே டிஸ்ப்யூட் ஃபாரத்தை, அதாவது தகவல் தப்புன்னு புகார் சொல்ற ஃபாரத்தைத் தான் நிரப்புவாரு. அந்த ஃபாரம் நமக்கு இலவசம். தப்பா இருக்குற தகவலைத் திருத்தச் சொல்லிக் கேக்குற உரிமைய 2005ல வந்த கடன் தகவல் நிறுவனங்கள் சட்டமே நம்ம கையில குடுத்திருக்கு. இதுல இன்னொருத்தருக்குன்னு தனியா எந்த அதிகாரமும் கிடையாது. அமெரிக்காவுல இந்தத் தொழில் பண்ணி நிறைய பேரு ஏமாத்துனதால 1996லயே தனியா சட்டம் போட்டு, சொன்ன வேலைய முடிக்கிறதுக்கு முன்னாடி காசு வாங்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. இங்க வர்ற ஆளு முதல்ல கேக்குறதே அட்வான்ஸ் தான்.

மூஞ்சிக்கல்ல நான் பிரவுசிங் சென்டர் வச்சிருக்கேன், இங்க நிறைய பேருக்கு என்னைத் தெரியும். ஒரு டிரைவர் தம்பி வந்துச்சு, பேரு வேணாம். புது வண்டிக்கு லோன் கேட்டுப் போயிருக்கு, சிபில் சரியில்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. யாரோ ஒருத்தர் போன்ல பேசி, 12,000 ரூபா குடு, ஸ்கோரை 750க்கு மேல ஏத்தித் தர்றேன்னு சொல்லியிருக்காரு. நான் சொன்னேன், தம்பி, முதல்ல ரிப்போர்ட்டைப் பாப்போம், ஸ்கோர் நம்பரைப் பாத்து என்ன ஆகப்போகுது, 300ல இருந்து 900க்குள்ள அது எங்கயோ நிக்குது அவ்வளவு தான், ஏன் அங்க நிக்குதுன்னு ரிப்போர்ட்ல தான் இருக்கும்னு. நாலு கம்பெனியும் வருசத்துக்கு ஒரு தடவை முழு ரிப்போர்ட்டை இலவசமா குடுத்தே ஆகணும், 2017ல இருந்து ரிசர்வ் பேங்க் உத்தரவு அது. எடுத்தோம். முதல்ல பேரு, பான் நம்பர், அட்ரஸ், அப்புறம் ஒவ்வொரு கடனுக்கும் ஒரு பகுதி, கடைசியில எந்தெந்த பேங்க் இவரோட ரிப்போர்ட்டைக் கேட்டுச்சுங்குற பட்டியல். கடன் பகுதியில மாசவாரியா சின்னச்சின்ன கட்டம் இருக்கும், 36 மாசம் வரைக்கும். தேதிக்குக் கட்டியிருந்தா 000, முப்பது நாள் லேட்டுன்னா 030, பேங்க் தகவலே அனுப்பலைன்னா எக்ஸ் எக்ஸ் எக்ஸ். தம்பியோட வண்டிக் கடன் மொத்தமும் 000, நகைக்கடன் முடிஞ்சு க்ளோஸ்ட்னு இருக்கு, ஆனா இஎம்ஐல வாங்கின ஒரு செல்போன் கடன்ல மட்டும் 030, 060, 090ன்னு ஏறிக்கிட்டே போகுது, கணக்கு இன்னும் ஆக்டிவ்ன்னு காட்டுது, பாக்கி எவ்வளவுன்னு பாத்தா 590 ரூபா! கடைசி இஎம்ஐ அன்னைக்கு அக்கவுன்ட்ல பணம் இல்லாம பவுன்ஸ் ஆகி, மறுநாளே ஆப்ல கட்டிருச்சு, ஆனா பவுன்ஸ் சார்ஜ் 500, அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ரெண்டும் சேந்து அப்படியே நின்னுக்கிட்டு இருந்திருக்கு, யாரும் சொல்லல.

590ஐக் கட்டுனோம், கடன் முடிஞ்சதுக்கு என்ஓசி, அதாவது பாக்கி எதுவும் இல்லைங்குற கடிதம், கேட்டு மெயில் போட்டோம், வந்துச்சு, அதை வச்சு டிஸ்ப்யூட் போட்டோம், கணக்கு க்ளோஸ்ட் ஆயிருச்சு. பழைய கட்டத்துல விழுந்த 030, 060 அப்படியே தான் இருக்கு, அதையும் சொல்லிடுறேன், ஏன்னா அது நடந்த விஷயம், அதை நானும் அழிக்க முடியாது, 12,000 கேட்டவரும் அழிக்க முடியாது. அடுத்தடுத்த மாசம் 000 விழ விழ அது பின்னால தள்ளிப்போகும். இது தான் நான் சொல்ல வர்ற விஷயமே, ரிப்போர்ட்ல இருக்குறது பொய்யா இருந்தா அதைத் திருத்தச் சட்டம் இருக்கு, காசு தேவையில்ல, உண்மையா இருந்தா கட்டுறதும் காத்திருக்குறதும் தவிர வேற வழி இல்ல, அதை நமக்காக இன்னொருத்தர் பண்ணவும் முடியாது. இடையில ஏஜென்டுக்கு என்ன வேலை?

பொய்யா இருந்தா எப்படித் திருத்துறதுன்னு கேளுங்க. பூம்பாறைப் பக்கம் ஒரு அக்கா ரிப்போர்ட்ல அவங்க வாங்காத பர்சனல் லோன் ஒண்ணு உக்காந்திருந்துச்சு, அதே பேருல வேற யாரோ வாங்கினது. டிஸ்ப்யூட் போட்டோம். 2023 அக்டோபர்ல ரிசர்வ் பேங்க் ஒரு உத்தரவு போட்டிருக்கு, அது 2024 ஏப்ரல் 26ல இருந்து நடைமுறையில இருக்கு, புகார் குடுத்து 30 நாளைக்குள்ள முடிக்கலைன்னா அதுக்கு மேல ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபா நமக்கு நஷ்டஈடு. கடன் குடுத்தவங்க 21 நாளுக்குள்ள பதில் அனுப்பலைன்னா அவங்க தரணும், அவங்க அனுப்பியும் சிபில் மாதிரி கம்பெனி தாமதம் பண்ணுச்சுன்னா அந்தக் கம்பெனி தரணும். ஸ்கோரைக் கணக்குப் போட்ட விதம் சரியில்லன்னு கேட்டா இது கிடைக்காது, தகவல் தப்புன்னு கேட்டா கிடைக்கும். அந்த அக்காவுக்கு 17 நாள் லேட் ஆச்சு, 1,700 ரூபா அக்கவுன்ட்ல வந்துச்சு, கடனும் பேரை விட்டுப் போச்சு. வடுகபட்டி மண்டியில பூண்டு சிட்டை வாங்கிட்டு வந்தா எப்படி விரலை வச்சு வரிவரியா சரிபார்ப்பாங்களோ அப்படியே அந்த ரிப்போர்ட்டையும் அவங்களே பாத்தாங்க, இது என்னோடது, இது என்னோடது இல்லன்னு. தன்னோட கடன் எதுன்னு அவங்களை விட நல்லா எந்த ஏஜென்டுக்குத் தெரியும்?

இங்கிலீஷ் பத்தி டீச்சரம்மா கேட்டதுக்கு வர்றேன். பேங்கும் கம்பெனியும் 30 நாள்ல பதில் சொல்லலைன்னாலோ, சொன்ன பதில் சரியில்லைன்னாலோ அடுத்து ரிசர்வ் பேங்க் ஓம்பட்ஸ்மேன், அதாவது குறைதீர்க்குற அதிகாரி. 2021ல வந்த ஒருங்கிணைந்த திட்டத்துல, 2022 செப்டம்பர்ல இருந்து இந்த நாலு கம்பெனியையும் சேத்துட்டாங்க. புகாருக்குப் பைசா கிடையாது. ஆன்லைன்ல போட முடியாதவங்க வெள்ளைத்தாள்ல எழுதி சண்டிகர்ல இருக்குற மையத்துக்குத் தபால்ல அனுப்பலாம், எந்த மொழியில வேணும்னாலும் எழுதலாம், தமிழ்ல எழுதலாம். 14448க்குப் போன் போட்டா தமிழ்லயே பேசுவாங்க. அதையும் தாண்டி, வீட்டுல பிளஸ் டூ படிக்கிற புள்ள இருக்கும், மகளிர் குழுவுல கணக்கு எழுதுற பொண்ணு இருக்கும், கூட உக்காத்தி வச்சுப் படிக்கச் சொல்லுங்க. பக்கத்துல இருக்குறவங்க கிட்ட ஒத்தாசை கேக்குறதும் காசு குடுத்து ஆள் வைக்கிறதும் ஒண்ணாகாது.

வேன் அண்ணே, உங்களுக்கு நேரமில்லைங்குறது உண்மை, சீசன்ல நீங்க தூங்குறதே கம்மின்னு எனக்குத் தெரியும். ஆனா 2024 மே 7ல இருந்து ஈ-பாஸ் கட்டாயம்னு ஹைகோர்ட் சொன்னப்ப, மலையேறி வர்ற கெஸ்டுக்கெல்லாம் போன்லயே பாஸ் போட்டுக் குடுத்தது யாரு? உங்களை மாதிரி டிரைவர் அண்ணன்மாரு தான். பைன் ஃபாரஸ்ட்ல கெஸ்ட் இறங்கி போட்டோ எடுத்துட்டு வர்ற நேரத்துல ரிப்போர்ட்டை டவுன்லோட் பண்ணிரலாம். பேங்க் படியேறவே தேவையில்ல, மெயில் போதும், மெயில் தான் நல்லதும் கூட, தேதியோட சாட்சி நிக்கும்.

அப்புறம் எதிரணி பேசாம விட்ட ஒரு விஷயம், ஆபத்து. ஸ்கோர் ஏத்தித் தர்றேன்னு வர்ற ஆளு பான் கார்டு கேப்பாரு, ஆதார் கேப்பாரு, ஓடிபி கேப்பாரு. ரிப்போர்ட்டை யாராவது பாத்தா நமக்கு எஸ்எம்எஸ்ஸோ மெயிலோ வரணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு, ஆனா சிபில் வெப்சைட்ல நம்ம பேருல கணக்கைத் தொறக்கும்போதே அவரோட நம்பரையும் மெயிலையும் குடுத்துட்டாருன்னா அந்த எச்சரிக்கை யாருக்குப் போகும்? நம்ம பேருல ஒரு ஆப்ல கடன் எடுத்தாக்கூட நமக்குத் தெரியாது. இது பயமுறுத்துறதுக்குச் சொல்லல, சென்டருக்கு அழுதுக்கிட்டு வர்றவங்களைப் பாத்துட்டுச் சொல்றேன்.

இன்னும் ஒண்ணு, செட்டில்மென்ட். ஏஜென்ட் வந்து, 80,000 பாக்கிய 35,000ல முடிச்சுத் தர்றேன்னு சொன்னா கேக்க இனிக்கும். முடிஞ்சதும் ரிப்போர்ட்ல 'செட்டில்ட்'ன்னு விழும், 'க்ளோஸ்ட்'ன்னு விழாது. அடுத்து கடன் குடுக்கப் போறவன் அதைப் பாத்து, இவரு முழுசா கட்டாத ஆளுன்னு தான் எடுத்துக்குவான். வேற வழியே இல்லாதவங்க செட்டில்மென்ட் போகட்டும், தப்பில்ல, ஆனா என்ன விழும்னு தெரிஞ்சு போகணும். கையில பணம் வந்தப்புறம் மிச்சத்தையும் கட்டி என்ஓசி வாங்கி க்ளோஸ்ட்னு மாத்தச் சொல்லிக் கேக்கலாம், அதையும் நாமளே கேக்கலாம். அதே மாதிரி ஜாமீன் கையெழுத்து, மச்சானுக்குப் போட்டது, பங்காளிக்குப் போட்டது, அவங்க கட்டலைன்னா அது நம்ம ரிப்போர்ட்ல தான் வந்து நிக்கும், எடுத்துப் பாக்காம யாருக்கும் தெரியாது.

நம்ம மலையில ஸ்கோர் ஏன் விழுதுன்னு யோசிச்சுப் பாருங்க, ஏமாத்தணும்னு யாரும் கட்டாம இருக்கல. பூண்டு எடுத்தா பணம், தாண்டிக்குடி பக்கம்னா காபி பறிச்சா பணம், லாட்ஜ்ல வேலைன்னா சீசன்ல பணம், ஆனா இஎம்ஐ மாசாமாசம் 5ஆம் தேதி வந்து நிக்குது. 2019ல புவிசார் குறியீடு வாங்கின மலைப்பூண்டு நம்மளோடது, அப்படிப்பட்ட வெள்ளாமை பண்றவங்க அறுவடைக்குத் தகுந்த மாதிரி தவணை வைக்கிற பயிர்க்கடன் கேக்கணும். விவசாயிக்குப் பேங்க் குடுக்குற கிசான் கார்டுல 3 லட்சம் வரைக்கும் சொன்ன தேதிக்குக் கட்டுனா வட்டி 4 சதவீதம் தான் விழுது. அதை விட்டுட்டு ஆப்ல பர்சனல் லோன் எடுத்து, அதைக் கட்ட இன்னொரு ஆப், ஒவ்வொண்ணும் ஒரு என்கொயரியா, அதாவது கடன் கேட்டுப் போன பதிவா, ரிப்போர்ட்ல ஏறி, கடைசியில ஸ்கோர் ஏஜென்டுக்கு ஒரு 12,000. இதை மாத்தணும்னா அந்தக் குடும்பம் உக்காந்து எந்த மாசம் பணம் வருது, எந்தத் தேதியில கட்ட முடியும்னு பேசணும், பேங்க்ல தவணைத் தேதிய மாத்தித் தரச் சொல்லிக் கேக்கணும். வெளியாளு எப்படிங்க அதைப் பண்ணுவாரு?

ஒண்ணை ஒத்துக்குறேன் நடுவர் ஐயா. செக் பவுன்ஸ் கேஸ் போட்டுட்டான், வீட்டுப் பத்திரத்தை வச்சு ஏல நோட்டீஸ் ஒட்டிட்டான், அப்படின்னா வக்கீல் கண்டிப்பா வேணும், ஒரு நாள் கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஆனா அது கோர்ட்டு விஷயம், ஸ்கோரைச் சரிபண்ற விஷயம் இல்ல. அதுக்கும் சட்டப்பணிகள் குழுவுல பொம்பளைங்களுக்கும், பட்டியலின, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவசமா வக்கீல் குடுக்குறாங்க. லோக் அதாலத்துல, அதாவது மக்கள் நீதிமன்றத்துல, பேசி முடிக்கவும் கட்டணம் கிடையாது.

2025 ஜனவரியில இருந்து பேங்க் எல்லாம் குறைஞ்சது 15 நாளுக்கு ஒரு தடவை தகவல் அனுப்பியாகணும், முன்ன மாசத்துக்கு ஒரு தடவை தான். அதாவது இன்னைக்கு நீங்க கட்டுனது சீக்கிரமே ரிப்போர்ட்ல தெரியும், நம்ம முயற்சிக்கு இப்ப பலன் முன்ன விட வேகமா வருது. தீர்ப்பு உங்க கையில இருக்கு ஐயா, ரிப்போர்ட்டை எடுக்குறது இவங்க கையில இருக்கு.

கூட்டம் முடிஞ்சதும் மேடைக்குப் பக்கத்துல லேப்டாப்பும் பிரின்டரும் வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன், ரிப்போர்ட் எடுக்கணும்னு நினைக்கிறவங்க வாங்க, காசு வேணாம். பான் கார்டையும் பேங்க்ல குடுத்திருக்குற நம்பர் உள்ள போனையும் எடுத்துக்கிட்டு வாங்க. வர்ற ஓடிபிய என்கிட்ட கூடச் சொல்லாதீங்க, நீங்களே அடிங்க. நன்றி, வணக்கம்.